பேச எடுத்த மூச்சு

திரையில் எழுத்து நின்றதும் பெரியவரும் நின்றுவிட்டார்.

மாதாமாதம் நடக்கிற ஒளிப்பதிவுதான். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஊழியர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வார். அலுவலகத்தில் அவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேமராவுக்குக் கீழே ஒரு சின்னத் திரை இருக்கும். தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் எழுதிய பேச்சு அதில் மெல்ல மேலே ஏறும், அவர் படிப்பது தெரியாமல் படிப்பார். அன்று கடைசி வரியும் ஏறி மறைந்து திரை வெறும் கறுப்பானபோது கேமராக்காரர், "முடிஞ்சுது சார், அருமையா வந்திருக்கு" என்றார். பெரியவர் அசையவில்லை. வேறு நாளாக இருந்தால் இதற்குள் டையைத் தளர்த்திவிட்டு, விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று யாரையாவது திட்டியிருப்பார். அன்று, பேசத் தொடங்கும் முன் எல்லோரும் எடுப்பார்களே ஒரு மூச்சு, அதை எடுத்தார். எடுத்த மூச்சு உள்ளேயே நின்றது. வாய் ஒரு விரல் நுழையும் அளவு திறந்திருந்தது.

விளக்கின் சூட்டில் தூசி கருகும் வாசனை அந்த அறையில் எப்போதும் உண்டு. ஏசி எங்கேயோ சுவருக்குள் முனகிக்கொண்டிருந்தது. கேமராக்காரர் அவளைப் பார்த்தார், அவள் கேமராக்காரரைப் பார்த்தாள். சங்கடத்தை எப்படியாவது கலைக்க வேண்டுமே என்று, விளையாட்டுக்குத்தான், மடிக்கணினியில் ஒரு வரி தட்டினாள். அது திரையில் ஏறியது. பெரியவர் கண்ணில் உயிர் வந்தது.

"சரிப்பா, நான் என்ன சொல்ல வர்றேன்னா, வாங்க எல்லாரும் டீ குடிக்கப் போலாம்" என்றார், அவருக்கே உரிய அந்தக் கரகரப்புச் சிரிப்போடு. பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

கேமராக்காரர் கெக்கெக்கென்று சிரித்தார். "நீங்க எழுதினாத்தான் மனுஷன் டீயே குடிப்பார் போல மேடம்." அவளும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் ஏதோ இடறியது. ஆனால் மேசையில் வேலை மலையாகக் கிடந்தது. களைத்துப்போனவளுக்குப் பயமும் தாமதமாகத்தான் வரும்.

தகவல் தொடர்புப் பிரிவு என்று அவள் அறைக்கு வெளியே பலகை தொங்குகிறது. ஒரு காலத்தில் அதற்குள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் வேறு கம்பெனிக்குப் போனார். பிரசவத்துக்குப் போன ஒருத்தி திரும்பவில்லை. மூன்றாவது ஆள், அவளுக்குத் தங்கை மாதிரி இருந்த பெண், போன மழைக்காலத்தில் ஒரு நாள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு வேலையை விட்டாள். ஒவ்வொரு முறையும் மேலிடத்தின் பதில் ஒன்றுதான்: தற்காலிகமாக நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது நரைக்கத் தொடங்கியிருந்தது. பத்திரிகைச் செய்தி அவள், இணையதளம் அவள், வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது அவள், ஊழியர் யாருக்காவது அப்பா இறந்துவிட்டால் பெரியவரின் சார்பில் வருந்துவதும் அவள்தான். கேட்க வருகிறவர்கள் எல்லோரும் பாடுவது ஒரே பாட்டு. "சும்மா ரெண்டு வரிதான்."

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. யாருக்காக எழுதுகிறாளோ அவரைக் கொஞ்ச நேரம் எதிரில் உட்காரவைத்து ஊர்க்கதை பேசவிடுவாள். குழந்தை எப்படி இருக்கிறது, வீட்டில் தண்ணீர் வருகிறதா, அப்படி ஏதாவது. அவர்கள் சொல்வது முக்கியமில்லை. எங்கே இழுக்கிறார்கள், எங்கே விழுங்குகிறார்கள், எந்தச் சொல்லைத் தேவையே இல்லாமல் நடுவில் செருகுகிறார்கள் என்று காதில் பிடித்துக்கொள்வாள். பெரியவருக்கு 'நான் என்ன சொல்ல வர்றேன்னா'. மனிதவள மேலாளருக்கு வாக்கியம் முடிவதற்குள் 'என்னம்மா, சரியா' என்று இரண்டு முறையாவது வரும். அதை எழுத்தில் சரியான இடத்தில் வைத்துவிட்டால் போதும், கேட்பவர்கள் உருகிவிடுவார்கள், மனசிலிருந்து பேசினார் என்பார்கள். ஆரம்பத்தில் அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. இப்போது வெறும் கைப்பழக்கம்.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருக்கலாம். பெரியவர் தானாக அந்த 'நான் என்ன சொல்ல வர்றேன்னா'வைச் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது வெளியே வெயில் இறங்கிவிட்டது. கண்ணாடிச் சுவர் முழுக்கப் பழுப்பு. கைப்பேசியில் கணவனின் செய்தி கிடந்தது, ஒரு கட்டைவிரலும் ஒரு சிரிப்பும். அவள் மதியம் அனுப்பியதற்குப் பதில் அது.

மதியம் அனுப்பியது மகளின் பேச்சு. மகள் இரண்டாம் வகுப்பு. மறுநாள் பள்ளி மேடையில் 'என் வீடு' என்று பேச வேண்டும். காலையில் அவள் செருப்பு மாட்டும்போது கணவன், "நீயே எழுதிக் குடுத்துடேன், உனக்கு அது ஒரு நிமிஷ வேலை, ரெண்டு வரிதானே" என்றான். மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். குளியலறைச் சுவரில் ஒரு நத்தை இருக்கிறதாம். அது இரவில் வெளியே போய் வருகிறதாம். எங்கே போகிறது என்பது ஒரு வாரமாக நடந்துவரும் பெரிய கதை. ஆடும் முன்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே, "அப்புறம் என்ன ஆச்சுன்னா, அப்புறம் என்ன ஆச்சுன்னா" என்று மூச்சு விடாமல் சொல்வாள். வாயை மூடாத பிள்ளை. தூக்கத்தில்கூட எதையாவது விசாரிப்பாள்.

"ராத்திரி வந்து கேக்கறேன்டா செல்லம்."

"நேத்தும் அதான் சொன்ன."

"இன்னைக்கு நிஜமா."

"நத்தை எங்க போச்சுன்னு இன்னைக்குத்தான் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள் மகள், ரொம்பக் கறாராக.

நிஜமாகவே கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேருந்து ஏறினாள். மதியம் சாப்பாட்டுக்குப் பதில் மகளின் பேச்சை எழுதினாள். எதிரில் உட்காரவைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை, மகளின் குரல் காதிலேயே இருந்தது. 'அப்புறம் என்ன ஆச்சுன்னா'வை இரண்டு இடத்தில் வைத்தாள். மின்விசிறியை மகள் 'சுத்தி' என்று சொல்வதையும் விடவில்லை. அனுப்பியபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

மனிதவள மேலாளர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பவுடர் வாசனைதான் முதலில் வந்தது.

"வாங்க மேடம். அம்மா ஆஸ்பத்திரில இருந்து வந்தாச்சா?" என்று கேட்டாள்.

மேலாளர் மூச்சை எடுத்தார். ஸ்... என்று உள்ளே போகும் சின்னச் சத்தம். அது அங்கேயே நின்றது. மூடாத உதடுகளில் சாயம் காய்ந்து வெடித்திருந்தது.

"மேடம்?"

"இந்தக் கஷ்டமான நேரத்துல உங்க ஒவ்வொருத்தரோடயும் நான் இருக்கேன், என்னம்மா, சரியா" என்றார் மேலாளர்.

ஆட்குறைப்பு நடந்தபோது அவள் எழுதிக்கொடுத்த வரி அது. ஒரு எழுத்து மாறவில்லை. சொல்லி முடித்ததும் மேலாளரின் வாய் மறுபடி அதே அளவு திறந்துகொண்டது. கண் அவள் கையைப் பார்த்தது. விசைப்பலகை மேல் இருந்த கையை.

அவள் எதையோ முணுமுணுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்தவளும் அதையேதான் நினைப்பது போலிருந்தது. யாரிடமாவது சொல்லிச் சிரித்துவிட்டால் சரியாகிவிடும். இப்படிச் சிரிப்பதற்கென்றே அவளுக்கு இருந்தது அந்தத் தங்கைதான், வேலையை விட்டுப் போனவள். எதற்கெடுத்தாலும் 'அய்யோ சாமி' என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். போகும் அன்று, "அக்கா, என் தலை ஓடல, எல்லாருக்கும் அனுப்பற கடைசி மெயிலையும் நீங்களே எழுதிடுங்க" என்றாள். இவளும் எழுதிக்கொடுத்தாள். படித்துவிட்டு மொத்த அலுவலகமும் கண்ணைத் துடைத்தது. அதற்குப் பிறகு ஒரு போன்கூடப் பேசவில்லை. வேலை எங்கே விட்டது.

எண்ணைத் தேடி அழுத்தினாள். எடுத்தார்கள்.

"நான்தான்டி. மறந்துட்டியா?"

ஸ்... என்று மூச்சு உள்ளே போனது. அவ்வளவுதான். அந்தப் பக்கம் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு தொலைக்காட்சி.

"ஏய், கேக்குதா?"

"அய்யோ சாமி, உங்களை எல்லாம் விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு மனசே வரல" என்றாள் அந்தப் பெண். அதே சிரிப்பு, அதே துள்ளல். கடைசி மெயிலின் முதல் வரி. அதன் பிறகு மறுபடி ஸ்.

போனை யாரோ வாங்கினார்கள். வயதான பெண் குரல். "யாரும்மா நீங்க? ஆபீஸா? அவ பேசறதில்லம்மா. வேலைய விட்டு வந்ததுல இருந்து இப்படித்தான். வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கா. சொன்னா இந்த ஒண்ணத்தான் சொல்றா. நாங்களும் எல்லா டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு."

போனை அணைத்தாள். குழாயை யாரும் திறக்கவில்லை, ஆனாலும் தண்ணீர் ஓடுவது போல் காதுக்குள் இரைந்தது. மதியம் அனுப்பிய பேச்சு. இரண்டு இடத்தில் 'அப்புறம் என்ன ஆச்சுன்னா'.

பையை எடுக்க மேசைக்குத்தான் வந்தாள். தளம் இருட்டாகக் கிடந்தது. அங்கே விளக்குகள் தாமாக எரியும், தாமாக அணையும், அடியில் ஆள் அசைந்தால்தான் எரியும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். அவள் நடந்து வர வர ஒவ்வொரு விளக்காகப் பற்றியது.

யாரும் போகவில்லை.

மேசைகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தார்கள். விற்பனைப் பிரிவின் தலைவர். கணக்குப் பிரிவின் இருவர். வாசல் காவலாளி, அவருடைய கூட்டாளி ஓய்வு பெற்ற விழாவில் பேச அவருக்கு நாலு வரி எழுதித் தந்திருந்தாள். மனிதவள மேலாளர். எல்லோர் முகமும் அவள் மேசையின் பக்கம். விளக்கு அவர்களை ஆளாக எண்ணாத அளவுக்கு அசையாமல். வாய்கள் மட்டும் திறந்து. கடைசியில், கண்ணாடி ஓரத்தில், பெரியவர்.

அவள் நின்றாள். எல்லோரும் ஒன்றாக மூச்சை எடுத்தார்கள்.

அவள் பையை எடுக்கவில்லை. படிக்கட்டில் இறங்கினாள். செருப்புச் சத்தம் முன்னாலும் பின்னாலும் கேட்டது.

தெருவில் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. பழக்கடைக்காரர் பேரம் பேசிக்கொண்டிருந்தார், யாரோ யாரையோ ஏசினார்கள், பேருந்தில் ஒரு பெண் சத்தமாகத் தன் மாமியாரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். இப்படி ஒரு புலம்பலை அவள் வாழ்நாளில் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. கணவனுக்கு அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். கையில் வியர்வை, எழுத்துகள் தவறின. 'அந்தப் பேச்ச குழந்தைகிட்ட குடுக்காதீங்க' என்று அனுப்பினாள்.

நிறுத்தம் வருவதற்குள் பதில் வந்தது. 'குடுத்தாச்சே. சூப்பர்.'

வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே சத்தமில்லை. அந்த வீட்டில் அந்த நேரத்துக்குச் சத்தமில்லாமல் இருந்ததே இல்லை. படியேறும்போதே மகளின் குரல் கதவைத் தாண்டி வரும், பக்கத்து வீட்டுக்காரர் தலையை நீட்டிச் சிரிப்பார்.

கணவன் கதவைத் திறந்தான். கையில் சோப்பு நுரை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"ஒரே தடவைதான் படிச்சா. அப்படியே மனப்பாடம். ஒரு வார்த்த தப்பல, தெரியுமா" என்றான். "நீ எழுதினதா அவளே பேசறதான்னு எனக்கே தெரியல."

"அவ எங்க?"

"உள்ள உக்காந்திருக்கா. சாயங்காலத்துல இருந்து என்ன சமத்துங்கிற. ஒரு தொணதொணப்பு இல்ல. எனக்கே தலைவலி விட்டுப்போச்சு."

"பேசினாளா? வேற ஏதாவது பேசினாளா?"

"பேச்சைத்தான் நாலஞ்சு தடவ சொல்லிக் காட்டினாளே. உனக்கு என்ன ஆச்சு, பை எங்க?" அவன் பதிலுக்கு நிற்கவில்லை, குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "எனக்கும் நாளைக்கு மீட்டிங்ல பேசச் சொல்லியிருக்காங்க. அப்புறமா ஒரு ரெண்டு வரி எழுதிக் குடேன்."

அறையில் மேசை விளக்கு மட்டும் எரிந்தது. மகள் கட்டில் ஓரத்தில், காலைத் தொங்கவிட்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சீருடையை மாற்றவில்லை. தலையில் ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அது எப்படி அவிழ்ந்தது என்று வேறு நாளாக இருந்தால் ஒரு கதை சொல்வாள், இன்றைக்கு அப்படியே விட்டிருந்தாள்.

அவள் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள். சூடாகத்தான் இருந்தது.

"செல்லம். அம்மா வந்துட்டேன்."

மகள் மூச்சை எடுத்தாள்.

"சொல்லுடா. நத்தை எங்க போச்சு? அம்மா இன்னைக்குக் கேக்கறேன்னு சொன்னேன்ல. பாரு, நிஜமா வந்துட்டேன். முழுசாக் கேக்கறேன். எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்."

சின்ன மார்பு ஏறியது. நின்றது.

"என் வீட்டுல ஒரு சுத்தி இருக்கு" என்றாள் மகள், பளிச்சென்று, மேடையில் நிற்பது போல. "அது சுத்தினா அம்மா புடவை பறக்கும். அப்புறம் என்ன ஆச்சுன்னா, அப்பா சிரிப்பார். எங்க வீட்டுல எல்லாரும் எப்பவும் பேசிக்கிட்டே இருப்போம். நன்றி, வணக்கம்."

"அது வேண்டாம்டா. நத்தை. நத்தையப் பத்திச் சொல்லு."

மூச்சு.

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. மகள் அதைப் பார்த்தாள், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்காமல் இந்தப் பிள்ளை எதையும் பார்த்ததே கிடையாது. அவள் எழுந்து குளியலறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். ஈரச் சுவரில் நத்தை இல்லை. அது போன தடம் மட்டும் வெள்ளிக் கோடாக ஜன்னல்வரை போய் அங்கே முடிந்திருந்தது. அதற்கப்புறம் எங்கே என்று ஒருத்திக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தாள். மகள் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல. கையை.

அவள் மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு அந்த அறையில் விடியும்வரை உட்கார்ந்தும் பார்க்கலாம். ஆனால் பிள்ளையின் குரலை ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது, தான் எழுதியதாகவே இருந்தாலும். சுவரோரம் மகள் கிறுக்கும் கரும்பலகை சாய்ந்திருந்தது. சாக்பீஸை எடுத்தாள். பெரிய எழுத்தில், மகள் படிக்கிற மாதிரி எழுதினாள்.

மகள் கண்ணில் உயிர் வந்தது.

"அப்புறம் என்ன ஆச்சுன்னா" என்றாள். அதே குரல். அதே அவசரம், மூச்சு முட்டும் அதே ஆசை. தொங்கிய காலைக்கூட ஒரு ஆட்டு ஆட்டினாள். "அப்புறம் என்ன ஆச்சுன்னா, அந்த நத்தை ஜன்னல் வழியா வெளிய போச்சு. போயி..."

பலகையில் அவ்வளவுதான் இருந்தது.

கால் நின்றது. சமையலறையில் குழாய் ஓடியது. சாக்பீஸ் பலகையைத் தொட்டபடி இருந்தது, தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. போயி. எங்கே போய் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவே இல்லையே.

மேசை விளக்கின் வெளிச்சத்தில் மகளின் வாய் ஒரு விரல் நுழையும் அளவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. எடுத்த மூச்சு எடுத்தபடியே நிற்க, ஆடும் அந்த முன்பல் மட்டும் மெல்ல, மிக மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது.